சத்திரங்கள் இருந்த சாலையில் ஒன்பது நாள்

"எந்தப் படம் சார்? ஹீரோ யாரு?"

சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, மனைவி இறங்குவதற்கு வசதியாக முக்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் நாலைந்து பையன்கள் கூடிவிட்டார்கள். நம் ஊரில் கேரவன் என்றால் சினிமாதானே! உள்ளேயிருந்து யாரோ நடிகை இறங்கப்போகிறார் என்று ஆவலோடு நின்றார்கள். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, கையில் ஃபிளாஸ்கோடு, 64 வயதில் என் மனைவி இறங்கினாள். பையன்களின் முகம் போன போக்கைப் பார்த்து அவளே சொன்னாள்: "ஹீரோயின் நான்தாம்பா. ஹீரோ வண்டி ஓட்டிக்கிட்டு வந்தாரு, பாரு."

அது படப்பிடிப்பு வண்டி இல்லை. என் தங்கை மகன் ஒரு பழைய டெம்போ டிராவலர் வேனை வாங்கி, உள்ளே இருவர் படுக்கிற கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பின்பக்க மூலையில் அலமாரி அளவுக்கு ஒரு கழிப்பறை எல்லாம் வைத்து மாற்றியிருக்கிறான். "மாமா, சும்மாதான் நிக்குது. அத்தையக் கூட்டிக்கிட்டு ஒரு பத்து நாள் போய்ட்டு வாங்களேன்" என்றான். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து ராமேசுவரம் வரை, 600 கிலோமீட்டர் போல வரும். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை, இருட்டிய பின் ஓட்டுவதில்லை என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பயணக் கட்டுரை எழுத நான் உட்காரவில்லை. மாமல்லபுரத்தைப் பற்றியும் புதுச்சேரியைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுதியவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு விஷயம். அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குழுவோடு பேருந்தில் கோயில் சுற்றுலா போனோம். காலை 6 மணிக்குக் கிளம்பிய வண்டி, மதியச் சாப்பாடு வரை ஒரே ஒரு இடத்தில்தான் நின்றது. அங்கே இருந்த பெண்கள் கழிப்பறைக்குள் கால் வைக்க முடியவில்லை. போன பெண்களில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். என் மனைவியும் திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். ஊர் திரும்பிய மூன்றாம் நாள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுநீரகத் தொற்று. அன்றோடு அவள் வெளியூர்ப் பயணத்தை விட்டுவிட்டாள். கேட்டால் முழங்கால் வலி என்பாள். நானும் நம்பினேன்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க. பொம்பளைங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே, உங்களுக்குத்தான் புதுசு" என்றாள்.

உண்மைதான், எனக்குப் புதிது. கல்யாணமாகி 38 வருஷமாக, பயணத்தன்று காலையில் அவள் காபி குடிப்பதில்லை. ஏதோ வேண்டுதல், விரதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆணாய்ப் பிறந்தவனுக்குச் சாலையோரத்தில் ஒரு மரம் போதும். அவளுக்கு எப்படி என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

முதல் நாள் இரவு கடப்பாக்கம் வந்து, தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பில் வண்டியைப் போட்டோம். மறுநாள் விடியற்காலையில் ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர்கள், பாதி இடிந்து உப்பங்கழியைப் பார்த்து நிற்கின்றன. ஆற்காட்டு நவாப் காலத்தில் நாணயச் சாலை இருந்த இடம். 2004 சுனாமியிலும் கொஞ்சம் போய்விட்டது. சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டு என் மனைவி ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினாள். ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள். "என்ன, ரெண்டாவதா?" என்றேன். "அதான் வண்டி நிக்குதே" என்றாள்.

அந்த வண்டியில் கட்டில் சுகமா, அடுப்பு சுகமா என்று பலர் கேட்கிறார்கள். எங்களுக்குச் சுகம் அந்த மூலையில் இருந்த அலமாரிதான். அது இருந்ததால் அவள் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் குடித்ததால் தலைவலி இல்லாமல் நடந்தாள். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டையில், 1781இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை நடந்த கதையை நான் சொன்னபோது, "சீக்கிரம் போலாங்க" என்று சொல்லாமல் முழுக்கக் கேட்டாள். சரித்திரம் பிடிக்காது என்று நான் நினைத்திருந்தவள் அவள்!

மூன்றாம் நாள் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்க்தான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து இந்த ஊரிலேயே அச்சிட்டவர். அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் 1718லிருந்து நிற்கிறது. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

இத்தனையையும் பகலில் வருகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடுகிறார்கள். ஐந்து மணிக்குமேல் கார்களும் வேன்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. அதன் பிறகுதான் ஊர் தன் போக்குக்கு வந்தது. மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், எங்களைப் பார்த்துத் தானாகப் பேச்சுக் கொடுத்தார். சுனாமியில் போனவர்களை உறவுமுறை சொல்லி எண்ணினார். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று செய்தித்தாளில் நானும் படித்தவன்தான். அவர் விரல் விட்டு எண்ணியபோதுதான் அந்த எண்ணுக்குப் பொருள் புரிந்தது. ஒரு ஊரில் ராத்தங்கினால்தான் அந்த ஊர் நம்மோடு பேசும் என்று என் அப்பா சொல்வார். அது சரிதான்.

ஆனால் ராத்தங்குவது லேசாக இல்லை. ஒன்பதரை மணிக்கு ரோந்து வந்த காவலர் ஜன்னலைத் தட்டினார். மரியாதையாகத்தான் கேட்டார். "இங்க நிறுத்தக் கூடாதுங்க அய்யா. வயசானவங்க, ஏதாவது ஆயிட்டா எங்களுக்குத்தான் பிரச்னை." எங்கே நிறுத்தலாம் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அந்த வலைக்காரப் பெரியவரின் மருமகள்தான் விஷயம் கேள்விப்பட்டு, தங்கள் வீட்டுக் காலி மனையில் வண்டியைப் போடச் சொன்னாள். காலையில் பணம் கொடுத்தால் வாங்க மறுத்துவிட்டாள். "வழிப்போக்கருகிட்ட வாடகை வாங்குவாங்களாம்மா?" என்று என் மனைவியிடம் சொன்னாள்.

இன்னொரு கதையும் சொல்லிவிடுகிறேன். வண்டிக் கழிப்பறையின் அடியில் ஒரு பெட்டி உண்டு. இரண்டு நாளைக்கு ஒரு முறை அதை இழுத்து எடுத்து, எங்காவது ஒரு கழிப்பறையில் கொட்டிக் கழுவ வேண்டும். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் அனுமதி கேட்டேன். அங்கிருந்தவர், "நீங்க ஏன் சார் அதைத் தொடுறீங்க? ஆளு இருக்கான், எரநூறு குடுத்தா எடுத்துருவான்" என்றார். ஒரு கணம் கை சட்டைப்பைக்குப் போனது, ஒப்புக்கொள்கிறேன். வண்டிக்குள்ளிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். நானே எடுத்துப் போனேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு, இரண்டு நிமிஷ வேலை. 67 வயதுவரை என் கழிவை யார் யாரோ சுத்தம் செய்திருக்கிறார்கள். அவர்கள் முகம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. நம் பொதுக் கழிப்பறைகள் நாறுவதற்கான காரணத்தில் பாதி இதற்குள் இருக்கிறது என்று தோன்றியது. அதைச் சுத்தமாக வைப்பது எவனோ ஒருவனின் வேலை, அவனுக்குச் சம்பளம் என்ன, அவன் வந்தானா என்பதெல்லாம் நம் கவலை இல்லை.

நாகப்பட்டினம் கடந்து வேதாரண்யம். அகத்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூண். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு நடந்து வந்த கதை நம் வயதுக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு விஷயத்தை இந்த முறை வேறு மாதிரி நினைத்துப் பார்த்தேன். தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் என்ன உத்தரவு போட்டார்? நடந்து வருகிறவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்பவர்களுக்குச் சிறை என்றார். வழிநடையை நிறுத்த இதைவிடப் பெரிய ஆயுதம் வேண்டாம் என்று அந்த வெள்ளைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் விடவில்லை. சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். இந்தப் பக்கத்து மண்ணில் வழிப்போக்கனுக்குச் சோறு போடுவது அப்படி ஊறிக்கிடந்த பழக்கம்.

அது எங்கிருந்து வந்த பழக்கம் என்பதை அடுத்த இரண்டு நாளில் பார்த்தோம்.

மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததன் நினைவாக இரண்டாம் சரபோஜி 1814-15இல் கட்டிய கோபுரம். அறுகோண வடிவம், எட்டு அடுக்கு. எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு நம் மீனவக் கரையில் ஒரு நினைவுச் சின்னம்! எல்லாரும் இதைப் பார்க்க வருகிறார்கள். அதே சரபோஜி கட்டிய இன்னொன்றைப் பார்க்க நாங்கள் பட்டுக்கோட்டை வழியாக உள்ளே ஒரத்தநாடு போனோம். முத்தம்பாள் சத்திரம். 1802இல் கட்டியது. குதிரையும் யானையும் இழுக்கிற தேர்போல முகப்பு. ராமேசுவரத்துக்குப் போகிற யாத்ரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டியர்கள் கட்டிய பல சத்திரங்களில் ஒன்று. கடலோரத்தில் ராஜாமடத்திலும் மீமிசலிலும் இருந்தன. தெற்கே சேதுபதிகளும் கட்டினார்கள்.

1799இல் சரபோஜியிடமிருந்து ஆட்சியை ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள். நாட்டைக் கொடுத்தவர், சத்திரங்களை மட்டும் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளப் பாடுபட்டார். 1801இல் அவர் எழுதிய கடிதத்தில் சத்திரத்தில் என்னென்ன நடக்கும் என்று விவரித்திருக்கிறார். வருகிறவர்களுக்குச் சாப்பாடு, நோய்ப்பட்டவர்களுக்கு வைத்தியம், வழியில் பிரசவமானவர்களுக்குப் பராமரிப்பு, இறந்துபோனால் காரியம். ராஜ்யத்தை இழந்த ராஜா கவலைப்பட்ட விஷயம் இது.

பழம்பெருமை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்துப் பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. சாதி பார்த்துத்தான் இலை போட்டார்கள். அந்தச் சத்திரம் அப்படியே திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. சத்திரத்தைக் கட்டியவர்கள் கட்டடத்தோடு நிறுத்தவில்லை. அதற்கென்று நிலமும் கிராமமும் எழுதி வைத்தார்கள். அந்த வருமானத்தில் சமையல்காரருக்கும் வைத்தியருக்கும் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் கூலி போனது. அதனால்தான் தலைமுறை தலைமுறையாக அடுப்பு எரிந்தது.

நாம் என்ன செய்கிறோம்? வழியில் ஒரு புகழ்பெற்ற இடத்தில் பளபளவென்று ஓடு பதித்த கழிப்பறைக் கட்டடம் பார்த்தேன். திறப்பு விழாக் கல்லில் வரிசையாகப் பெயர்கள். கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று விசாரித்தேன். டிக்கெட் கொடுப்பவர், டீக்கடைக்காரரைக் கேட்கச் சொன்னார். டீக்கடைக்காரர், காவலாளி சாப்பிடப் போயிருப்பதாகச் சொன்னார். அங்கே வெயிலில் ஓரமாக நின்றுகொண்டிருந்த ஒரு பாட்டியை என் மனைவி கவனித்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போய், அவரைக் கைப்பிடித்து நம் வண்டிக்குள் அழைத்து வந்தாள். பேரனோடு வேனில் வந்தவராம். போகும்போது அந்தப் பாட்டி என் மனைவியின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. நல்லதுதான். நம் கடற்கரையிலும் சொகுசு வண்டிகளும் சொகுசு விடுதிகளும் வரட்டும். ஆனால் தங்கை மகன் வண்டி கொடுக்காவிட்டால் எனக்கே இந்த யோகம் இல்லை. ஆயிரத்தில் ஒருவருக்குக் கழிப்பறையோடு கூடிய வண்டி என்பது மற்ற 999 பேருக்குப் பதில் ஆகாது.

சரித்திரம் உள்ள ஒவ்வொரு இடத்திலும் ஒரு கழிப்பறை. அதில் ஒன்றாவது மேல்நாட்டு இருக்கை, பிடித்து எழ ஒரு கம்பி. குழாயில் தண்ணீர். நிழலில் ஒரு பெஞ்சு. இரவில் வண்டியைப் போட்டுத் தூங்க விளக்கு எரிகிற ஒரு திடல், அதற்குக் கட்டணம் வாங்கிக்கொள்ளட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலை முதல் மாலை வரை அங்கே இருந்து பார்த்துக்கொள்ள, மாதச் சம்பளமும் கையுறையும் மரியாதையும் பெறுகிற ஓர் ஆள். கடலோர ஊர்களில் வண்டி நிறுத்துவதற்கு வசூலிக்கிறார்களே, அந்தப் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்று எழுதி வைத்தால் போதும். சரபோஜி கிராமத்தை எழுதி வைத்தார். நாம் பார்க்கிங் டோக்கனையாவது எழுதி வைக்கலாம்.

"சுத்தமாக வைத்தாலும் நம் ஜனங்கள் கெடுத்துவிடுவார்கள்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். கெடுப்பவர்கள் உண்டு. ஆனால் ஆள் நின்று பார்த்துக்கொள்கிற இடங்களில், ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டு ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்களும் இதே ஜனங்கள்தான்.

எட்டாம் நாள் தனுஷ்கோடி போனோம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊர். இடிந்த தேவாலயத்தின் சுவர் முன்னால் நின்றோம். அந்த இரவில் ரயிலோடு போனவர்களை நினைத்துக்கொண்டு என் மனைவி கொஞ்ச நேரம் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு அரிச்சல்முனை வரை போய், இரண்டு பக்கமும் கடலைப் பார்த்தோம். அறுபது வயதுக்குமேல் முதல் முறையாக அவள் அந்த இடத்தைப் பார்க்கிறாள். ஆசை இல்லாமல் இல்லை. நடுவில் ஆறு வருஷம் வீணாய்ப் போயிருக்கிறது. அதற்கு முன்னால் போன பயணங்களிலும் பாதி வாடிய முகத்தோடுதான் வந்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

வண்டியைத் தங்கை மகனிடம் ஒப்படைத்துவிட்டோம். போன வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பேருந்தில்தான் போக வேண்டும். விடிகாலையில் எழுந்து பார்த்தேன். மேஜையில் காபி ஒரு டம்ளர்தான் இருந்தது.

வாசக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். அடுத்த முறை வெளியூர் போகும்போது, உங்கள் வீட்டுப் பெண்கள் காலையில் தண்ணீர் குடித்தார்களா என்று பாருங்கள். பூட்டிய கழிப்பறையைப் பார்த்தால், பெண்களைக் கேட்க விடாமல், ஆண்பிள்ளைகள் நாமே போய்ச் சாவி எங்கே என்று சத்தமாகக் கேட்போம். ஊர் திரும்பியதும் அந்தப் பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோ ஒரு கடிதம் போடுவோம். ஓய்வுபெற்றவர்களிடம் நேரத்துக்குப் பஞ்சமில்லை, மனு எழுதத் தெரியாதவர்களும் இல்லை. நான் முதல் மனுவை எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். பதில் வந்தால் சொல்கிறேன்.